கண் வரைபவளின் மேலங்கி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கையிலிருக்கிற வேலை எங்கேயும் ஓடிவிடாது. ஒரு மேலங்கியை ஒளித்து வைத்துவிட்டு இருப்புக்கொள்ளாமல் தவித்தவளின் கதை சொல்கிறேன்.

அவள் ஒரு மரப்பொம்மைப் பட்டறையின் முதலாளி. கணக்கு எழுதுபவன் அவள் தம்பி. பொம்மைகளுக்குக் கண் வரைய மட்டும் ஒருத்தி வருவாள். அவளைக் கண்ணுக்காரி என்றே கூப்பிடுவார்கள். ஐந்து வருடமாகக் கணக்கில் அவள் தனியாள், அதாவது பட்டறையில் சேராத வெளியாள். தனியாளுக்குக் கூலியை முழுசாகக் கொடுத்துவிடலாம்; வரியை அவளே கட்டிக்கொள்வாள். பட்டறையின் வேலையாள் என்றால்தான் முதலாளி வரியைப் பிடித்து, தன் பங்கும் சேர்த்துக் கட்டவேண்டும்.

வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மறுநாள் காலை பார்வையிட வருகிறார்களாம். பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றிய தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, கொக்கியில தொங்குற மேலங்கி யாரோடது?"

"கண்ணுக்காரியோடது. துணியெல்லாம் பெயின்ட் ஆகுதுன்னு நான்தான் தெச்சுக் குடுத்தேன்."

"சாவி எதுக்கு அவங்ககிட்ட?"

"நான் வர லேட்டானா வெளியில நிப்பாளேடா."

"ஒன்பது மணிக்கு வரச் சொன்னது?"

"அப்பத்தானே டீ போடுறேன். லேட்டானா டீ ஆறிடும்ல."

தம்பி தலையில் கை வைத்தான். "தனியாள்னு எழுதிட்டு, பாசத்துல அவங்கள வேலையாளாவே ஆக்கி வெச்சிருக்க. அதிகாரி பாத்தா அஞ்சு வருஷ வரியும் அபராதமும் நம்ம தலையில. மரம் அறுக்குற புது மெஷினுக்குச் சேத்தது மொத்தமும் போயிடும்."

கண்ணுக்காரி மத்தியானமே வீட்டுக்குப் போயிருந்தாள்; பொழுது சாயும்வரை முதலாளி ஓரிடத்தில் நிற்கவில்லை. கண்ணுக்காரியின் ஸ்டூலைப் பின்னறைக்குத் தூக்கிப் போனாள், திரும்பக் கொண்டுவந்தாள், மறுபடி தூக்கிப் போனாள். மேலங்கியை மரத்தூள் மூட்டைக்குள் திணித்தாள். கொக்கியைப் பிடுங்கப் பார்த்தாள், அது வரவில்லை.

காலை ஒன்பதுக்குக் கண்ணுக்காரி வந்தாள். காலிக் கொக்கியைப் பார்த்தாள். ஸ்டூல் இருந்த இடத்தைப் பார்த்தாள். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வராதேன்னா வாயால சொல்லியிருக்கலாம்க்கா."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அதிகாரியம்மா உள்ளே வந்துவிட்டார். "இவங்க யாரு?"

"தனியாள் மேடம். எப்பவாவது வருவாங்க," என்றான் தம்பி முந்திக்கொண்டு.

முதலாளியின் கண் சாவியை விட்டு நகரவில்லை. விறுவிறுவென்று போய் மூட்டைக்குள் கையை விட்டாள். மேலங்கியை இழுத்து உதறியதில் அதிகாரியம்மாவின் ஃபைலெல்லாம் மரத்தூள். மேலங்கியைப் பழையபடி கொக்கியில் மாட்டினாள்.

"எங்க ஆளுதான் மேடம். நேரம் சொல்றது நான், சாவி குடுத்தது நான். தப்பா எழுதிட்டோம்."

கண்ணுக்காரிக்கு ரோஷம். "என்னைக் கேக்காமலா? நான் நெனச்சா வருவேன், நெனச்சா போவேன்."

"ஒரு நாளாவது ஒன்பது மணிக்கு வராம இருந்திருக்கீங்களா?" என்றார் அதிகாரியம்மா, தூளைத் தட்டிக்கொண்டே.

அவள் யோசித்தாள். "டீ ஆறிடும்ல."

பாக்கி வரியைத் தவணையில் கட்டச் சொன்னார்கள். தாங்களே ஒத்துக்கொண்டதால் அபராதத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். கண்ணுக்காரி இதுவரை கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாமாம்; ரசீதெல்லாம் பெயின்ட் டப்பாவில் பத்திரமாக இருந்தன. புது மெஷின் வரவில்லை. பழையது இன்னும் கத்திக்கொண்டுதான் ஓடுகிறது.

உங்கள் வீட்டில் ஆளுக்கொரு கொக்கி இருக்கட்டும் கண்ணுகளா. ஒன்றும் காலியாகாமல், போனவர்களெல்லாம் பொழுதோடு திரும்பி வந்து, எல்லோரும் நன்றாக இருங்கள்.