பேய் கேட்ட மாத்திரை

பொங்கலுக்குப் பிறகு ராமுத்தாய்க்கு ஒரு தரம்கூட வலிப்பு வரவில்லை. எல்லாம் திண்டுக்கல் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை மாத்திரையின் புண்ணியம். மாமியார் ஜக்கம்மாள் மட்டும் அந்தப் புண்ணியத்தைக் குலதெய்வத்தின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

மாத்திரை வாங்கப் போன ஒரு நாள், புதிதாக வந்திருந்த டாக்டரம்மா வலிப்பைப் பற்றிக் கேட்டதோடு விடவில்லை.

“வலிப்பு நின்னாப் போதாதும்மா. தூக்கம் வருதா? தனியா இருக்கப் பயமா இருக்கா? நெஞ்சு படபடங்குதா?”

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் மாமியார் நிற்பதையே மறந்துவிட்டாள், பாவி மகள்.

“எந்நேரமும் பயம்தான் டாக்டரம்மா. அடுப்புகிட்டப் போனா விழுந்திருவேனோன்னு வருது. கெணத்தப் பாத்தா கைகால் நடுங்குது.”

சொல்லி அழுது முடித்ததும் தலைச்சுமையை இறக்கி வைத்தது போலிருந்தது.

“இந்த நோயுள்ள நெறையப் பேருக்கு இந்தப் பயம் உண்டு. அடுத்த மாசம் வா, பேசிச் சரிபண்ணலாம். மாத்திரைய மட்டும் ஒருநாளும் நிறுத்தாத. திடீர்னு நிறுத்தினா வலிப்பு விடாம வந்து உசுரே போயிரும்” என்றார் டாக்டரம்மா.

ஜக்கம்மாளின் காதில் பயம் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. ஊர் திரும்பக் கன்னிவாடி பஸ்ஸில் ஏறியதுமே, கூட வந்திருந்த மகன் பொம்மையனிடம் ஆரம்பித்தாள்.

“கேட்டியாடா? இம்புட்டு நாளா நோய்னு நெனச்சமே! இவ எங்கயோ பயந்திருக்கா. டாக்டரே கண்டுபிடிச்சிருச்சு. பயந்த கோளாறுக்கு மாத்திர எதுக்கு?”

பயந்தவளைப் பேய் பிடிக்கும், பேய் பிடித்தவளுக்குக் கோடாங்கி. அந்த வீட்டு வைத்தியம் அவ்வளவுதான். மாத்திரைப் பொட்டலம் அன்றே மாமியாரின் சுருக்குப்பைக்குள் போய்விட்டது.

மாத்திரை இல்லாமல் நாலு நாள் போனது. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ராமுத்தாயைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். பொம்மையனுக்கு வாழ்க்கைப்பட்டாலும் அதே கதிதான். கோடாங்கி சோலைமலை முதலில் உடுக்கையை அடித்தான், பிறகு அவளைச் சாட்டையால் அடித்தான்.

“யாரு நீ? என்ன வேணும் ஒனக்கு? கேட்டதக் குடுத்தாப் போயிருவியா?”

முதுகு கிழிந்துகொண்டிருந்தபோது ராமுத்தாய்க்கு ஒன்று விளங்கியது. மருமகள் கேட்டால் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது. பேய் கேட்டால் கோழியும் சேலையும் ஓடி வரும். சரி, பேயாகவே கேட்போம் என்று முடியை விரித்துப் போட்டுக் கத்தினாள்.

“மாத்திர! வெள்ள மாத்திர! அம்புட்டும் குடு, போயிர்றேன்!”

உடுக்கை நின்றது. ஜக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சுருக்குப்பையை அவிழ்த்தாள். ராமுத்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தினாள்.

சோலைமலை அந்தக் கைகளைத் தட்டிவிட்டான். பேய்க்குப் படைப்பதை மனுஷி தின்பாளா? மாத்திரைகளை மரத்தடியில் கொட்டி, மேலே சேவலை அறுத்து ரத்தம் விட்டு, மண்ணோடு மண்ணாகக் குதிகாலால் மிதித்தான். அவள் உச்சிமுடியைக் கத்தரித்து மரத்தில் வைத்து ஆணி அடித்தான்.

ராமுத்தாய் மண்ணைப் பறித்தாள். “ஐயோ, பேய் இல்ல! நாந்தான் கேட்டேன், நாந்தான்!”

“போற பேய் அப்படித்தான் கத்தும்” என்றான் சோலைமலை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஜக்கம்மாள் தன் முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படிச் செய்ததே இல்லை.

“கேட்டதெல்லாம் குடுத்தாச்சு. இனி என்னடி பயம்?”

ராமுத்தாய் பதில் சொல்வதற்குள் இடது கை வெட்டி இழுத்தது. வண்டிப்பாதையில் சாய்ந்தாள். ஒரு வலிப்பு முடியுமுன் அடுத்தது வந்தது. பொம்மையன் பதறிக் குனிந்தான்.

ஜக்கம்மாள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். “தொடாதடா. பேய் கெளம்புது.”