கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மெயின் சுவிட்ச்

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மெயின் சுவிட்ச் முன்வாசல் நிலைக்கு மேலே, கூரையைத் தொடாத குறையாக இருந்தது. கட்டின காலத்தில் குழந்தையின் கை எட்டக்கூடாதென்று அங்கே வைத்தோம். அந்தக் குழந்தை ரூபிகா இப்போது மெல்பேர்னில் பெரிய வேலையில் இருக்கிறாள். எட்டாதது எனக்குத்தான். சீனி வருத்தம் ஒரு காலைக் கொண்டுபோனதிலிருந்து எனக்குச் சக்கர நாற்காலிதான். பியூஸ் எரிந்து கரண்ட் நின்றால் மேல்மாடியில் குடியிருக்கும் நிஸாமுக்குப் போன் அடித்துவிட்டு, அவர் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பேன். நல்ல மனுஷன், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சல்.

சமையலறையையும் குளியலறையையும் இடித்துக் கட்டுவதற்காக ரூபிகா லீவு எடுத்து வந்தாள். எங்களுக்குள் பேச்சு இதுதான்: வேலை முடிந்தபின் நான் தனியாகச் சமாளித்தால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போகவேண்டும். மகள் மேல் எனக்கு உயிர். ஆனால் அவள் வீட்டில் கடைசிவரை விருந்தாளியாக இருக்க என்னால் முடியாது.

எலெக்ட்ரீஷியன் ரிம்ஸானிடம் பழைய மெயின் சுவிட்சையும் பியூஸ் பெட்டியையும் கழற்றச் சொன்னேன். ஏ.சி., ஹீட்டர் எல்லாம் தாங்கும் தடித்த வயர் இழுத்து, கரண்ட் லீக்கானால் தானாக விழும் புது ட்ரிப் சுவிட்ச் போர்டை முன்னறை ஹோல் சுவரில் பூட்டவேண்டும். நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி, பென்சிலால் கோடும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கிளினிக் போய் வந்து பார்த்தால் போர்ட் கூரைக்குக் கீழே, வெள்ளைக் கதவு போட்டு வெகு வடிவாக இருக்கிறது.

"ரிம்ஸான், நான் கோடு போட்ட இடம் எங்க?"

"மேலுக்கு வெச்சாத்தான் சேஃப் அன்டி. சின்னப் புள்ளைங்க கை வெக்க மாட்டாங்க."

"இந்த வீட்டில சின்னப் பிள்ளை ஆர்? நானோ?"

அவர் ரூபிகாவைப் பார்த்தார். "அக்காவும் அங்கதான் வெக்கச் சொன்னாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனடி?"

"கீழ இருந்தா நீங்கள் சமாளிச்சிடுவியள் அம்மா," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "பிறகு நான் எதைச் சொல்லி உங்களைக் கூட்டிக்கொண்டு போறது? அங்க இருந்து ஒவ்வொரு நாளும் பயந்து சாகிறது நான்தானே."

கோபம் பாதியில் நின்றது. அவளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"நானும் உன்னை நினைச்சுப் பயப்பிடுறனான்தான். அதுக்காக உன்னை அங்க போகவேண்டாம் எண்டு மறிச்சனானோ?" ரிம்ஸானிடம் திரும்பினேன். "தம்பி, போர்டைக் கீழ இறக்கும்."

புதுப் பூச்சை உடைத்து, வயர்களைக் கீழே கொண்டுவந்து, கோடு போட்ட இடத்திலேயே பூட்டிக் கொடுத்தார்.

அடுத்தநாள் பின்னேரம் ரூபிகா குளித்துக்கொண்டிருக்கும்போது வீடு முழுக்க லைட் அணைந்தது. ஜன்னலில்லாத குளியலறை. "அம்மா, அசையாதேங்கோ, நான் வாறன்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு போர்டுக்குக் கிட்டப் போனேன். குளியலறையில் மாற்றாமல் விட்ட பழைய ஹீட்டரில் கரண்ட் லீக் இருக்கலாம் என்று ரிம்ஸான் எச்சரித்திருந்தார். அதற்குரிய சின்னச் சுவிட்சை முதலில் கீழே தள்ளினேன். பிறகு ட்ரிப் சுவிட்சை மேலே தூக்கினேன். லைட்டெல்லாம் எரிந்து வீடு வெளித்தது.

தலையில் சோப்பு நுரையோடு, துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தவள் ஹோலில் அப்படியே நின்றாள். லைட்டைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், அழத் தொடங்கினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"ஹீட்டரை மாத்தவேணும்," என்றேன்.

"ஓம்," என்றாள். "நான் போறதுக்கு முதல் மாத்திப்போட்டுப் போறன்."