தலைப் பக்கம்

வாரம் தொடங்கிய அன்றே ஒரு பூனை அவள் புறங்கையை நகத்தால் உழுதுவிட்டது. மறுநாள் ஆட்டுக் கிடா ஒன்று இடித்ததில் இடுப்பில் நீலம் பாரித்தது. அம்மா பார்த்துவிட்டு, "வேலை கத்துக்கப் போறியா, குஸ்தி கத்துக்கப் போறியா?" என்றாள். அவள் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடியும் கிளம்பினாள்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் ஏதாவது ஒரு வேலையிடத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது பள்ளியின் ஏற்பாடு. சிலர் வங்கிக்குப் போனார்கள், சிலர் அச்சகத்துக்கு. பேக்கரிக்குப் போனவன் இரண்டே நாளில் கன்னம் உப்பித் திரிந்தான். இதையெல்லாம் கவனிக்கும் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வேலை டீச்சர். எங்கே போக ஆசை என்று அவர் இவளிடமும் கேட்டார். வகுப்பே ஊமைச்சி என்று கூப்பிடும் பெண்ணிடமிருந்து பதில் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. "சரி, பேசாத பொண்ணுக்குப் பேசாத நோயாளிங்கதான் சரி" என்று கால்நடை டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார். அங்கே போகும் ஆசையைத்தான் அவள் வருடக்கணக்காக மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

டாக்டரம்மா குட்டையான பெண். குரல் மட்டும் ஆளை விடப் பெரியது. வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போக வரும் வேலை டீச்சரிடம் அவர் ஒரே வார்த்தைதான் சொல்வார். ஆகும், இல்லாவிட்டால் ஆகாது. போன வருடம் வந்த பையன் ரத்தத்தைப் பார்த்துச் சாய்ந்து, கடைசியில் அவன் நெற்றிக்குத் தையல் போடும்படி ஆயிற்று. ஆகாது. 'ஆகும்' வாங்கிய பிள்ளை விடுமுறைகளில் வந்து கூட நிற்கலாம். அந்த வார்த்தைக்காகத்தான் அவள் பூனையையும் கிடாவையும் பொறுத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கொடுத்த இடம் தலைப் பக்கம். மேசையில் எதைப் படுக்க வைத்தாலும் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணுக்கு மேல் துணி, இரண்டு காதிலும் பஞ்சு. கத்தி, கத்தரி வைக்கும் எவர்சில்வர் தட்டைக்கூட மடித்த துண்டின் மேல்தான் வைப்பார்கள். ஓசை வரக் கூடாது.

"மயக்க ஊசி போட்டா தூங்குதுன்னு நினைக்காதே பாப்பா" என்று முதல் நாளே டாக்டரம்மா சொல்லியிருந்தார். "உள்ள ஒரு ஓரத்துல முழிச்சிட்டேதான் இருக்கும். திடீர்னு சத்தம் கேட்டா முதல்ல கடிக்கும். யாருன்னு அப்புறம்தான் பாக்கும்."

பேசாமல் இருப்பது ஒரு தகுதி என்று அவள் அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் போர்வையில் சுற்றிய நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாய் அவளில் பாதி இருந்தது. போர்வையைப் பிரித்ததும் கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு காது அடியோடு அறுந்து துளை மட்டும் தெரிந்தது. கீழுதடு தாடையை விட்டுப் பிய்ந்து தொங்கியது. மார்பில் பல் பதிந்த ஓட்டைகள். மூச்சு விடும்போது அதில் ஒன்று குமிழ் விட்டது.

"பேரு கரி" என்றாள் அந்தப் பெண். "புட்டிப் பால் குடுத்து வளர்த்தேன் டாக்டரம்மா. எங்கண்ணன்தான் சண்டைக்குப் பழக்கிட்டான்."

"உங்கண்ணனை வரச் சொல்லு. அவனுக்கும் ஒரு ஊசி போடறேன்."

"தூங்கறான். எந்திரிச்சுப் பார்த்தா என்னைக் கொன்னுடுவான்." மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மறுபடியும் இதைச் சண்டையில இறக்கணுமாம்."

"இதையா?"

"பாதி செத்த நாய்தான் நல்லாக் கடிக்கும்ங்கறான்."

டாக்டரம்மா கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு ஊசி போட்டார். புண்ணுக்குப் போடும் மருந்து தீர்ந்திருந்ததால் கம்பவுண்டர் வாங்கிவர ஓடினார். உதட்டைத் தைக்க வேண்டியிருந்ததால் கரிக்கு வாய்க்கட்டு போட முடியவில்லை. அவள் எஞ்சியிருந்த காதிலும், அறுந்த காதின் துளையிலும் பஞ்சை வைத்தாள். தாடைக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்தாள். வெதுவெதுப்பாக, ஈரமாக, கனமாக இருந்தது அந்தத் தலை.

"தலை உன் பொறுப்பு" என்றார் டாக்டரம்மா. "இது பிழைச்சா பாதி உன்னாலதான்."

அவர் குனிந்து தைத்தார். சுவரோரம் நின்ற அந்தப் பெண் மூச்சைக்கூட அளந்து விட்டாள். உதடு முடிந்து மார்புக்குப் போகும் நேரத்தில் தெருக் கதவு தடதடத்தது.

"எங்க அவ?"

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் தானாகவே வெளியறைக்குப் போனாள். போகும்போது உள்கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். அவ்வளவு பயத்திலும் அவளுக்கு அது மறக்கவில்லை.

முதலில் ஓர் அறை விழும் சத்தம். பிறகு எதுவோ கண்ணாடியில் போய் மோதியது. தீவனத் தகர டப்பாக்கள் உருண்டன. "என் நாயை எவளக் கேட்டுடி தூக்கிட்டு வந்த?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி விழுந்தது. கரியின் தோல், தலையைப் பிடித்திருந்த அவள் கைக்குள் ஒருமுறை துடித்து அடங்கியது.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "என்ன ஆனாலும் தலையை விடாதே" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

திறந்த கதவு வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அண்ணன்காரன் தங்கையின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் முகத்தை மருந்து அலமாரியில் மோதிக்கொண்டிருந்தான். கண்ணாடி ஏற்கெனவே உடைந்துவிட்டது, அவன்தான் நிறுத்தவில்லை. டாக்டரம்மா அவன் சட்டையைப் பற்றி இழுத்தார். "விடுடா. இது ஆஸ்பத்திரி." அவன் திரும்பி, முஷ்டியால் அவர் வாயில் குத்தினான். அவர் சுவரோடு சரிந்தார். அந்தக் குரல் அத்தோடு நின்றது.

அவன் தங்கையை உதறிவிட்டு உள்ளே வந்தான். மேசையைப் பார்த்தான்.

"தூக்கு" என்றான் அவளிடம்.

அவள் வாயைத் திறந்தாள். "முழிச்சிடும்." காற்றுதான் வந்தது.

"என்னது?"

"சத்தம் போட்டா... கடிச்சிடும்."

"என் நாய் என்னையா கடிக்கும்?" சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தில் அறைந்தான். காதுக்குள் விசில் ஊதியது. பல் நாக்கில் இறங்கி ரத்தம் வந்தது. அவள் தலையை விடவில்லை.

அவன் நாயின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்தபோது டாக்டரம்மா தவழ்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டார். உதறிப் பார்த்தான். அவர் பிடி விடவில்லை. விழாமலிருக்க ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, பூட்ஸ் காலால் மிதிக்கத் தொடங்கினான். தோளில் மிதித்தான். கழுத்தில் மிதித்தான். பிறகு, பிடி நழுவித் தரையில் விரிந்து கிடந்த வலது கையைப் பார்த்து, தைக்கிற அந்தக் கையின் விரல்கள்மேல் குதிகாலை வைத்துத் திருகினான். டாக்டரம்மா வீறிட்டார். வெளியறையில் தங்கை எழுந்திருக்க முயன்று மறுபடி விழுந்தாள்.

அவன் ஊன்றியிருந்த கை கரியின் வாய்க்கு நேராக இருந்தது. ரோமம் அடர்ந்த, தடித்த மணிக்கட்டு.

அவள் அதைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். அது மறுபடி உயர்ந்தது, இந்த முறை டாக்டரம்மாவின் முகத்துக்கு மேலே.

அவள் நாயின் அறுபடாத காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். தட்டுக்கடியில் இருந்த துண்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தட்டும் கத்தியும் கத்தரியும் சிமெண்ட் தரையில் போய் விழுந்தன.

கரி கண்ணைத் திறக்கவில்லை. வாயை மட்டும் திறந்தது.

பச்சைக் கிளை முறிவது போலச் சத்தம் கேட்டது. அவன் அலறினான். கையை இழுக்க இழுக்க, தைத்த உதடு மறுபடி கிழிந்து, பல் இன்னும் உள்ளே போயிற்று. மறு கையால் நாயின் மண்டையில் குத்தினான். விடவில்லை. பக்கத்தில் நின்ற குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி அடித்தான். இரும்பு கரியின் நெற்றியில் விழுந்தது. அடுத்தது அவள் முழங்கையில் விழுந்தது. அவளும் விடவில்லை. என்ன ஆனாலும் விடாதே என்றுதானே சொல்லியிருந்தார்.

தங்கை எப்போது எழுந்தாளோ தெரியாது. நெற்றி கிழிந்து, ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. நிறைந்த தீவன டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி வந்து அண்ணனின் பிடரியில் போட்டாள். அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். கை மட்டும் மேசை மேல், நாயின் வாய்க்குள்.

டாக்டரம்மா இடது கையால் சுவரைப் பிடித்து எழுந்தார். அதே கையால் ஊசிக்குள் மருந்தை ஏற்றினார். பல்லால் கடித்துப் பிடித்திருந்த மருந்துப் புட்டியைப் பிறகு கீழே துப்பினார்.

"இது போட்டா வாய் திறக்கும்" என்றார் தங்கையிடம். "மூச்சும் நின்னுடலாம். போடலேன்னா இவன் கை போயிடும்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். கரியைப் பார்த்தாள். டாக்டரம்மா அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"தலையைப் பிடி பாப்பா."

அவள் கைக்குள் தாடை மெல்ல மெல்லத் தளர்ந்தது. அவன் கையை உருவிக்கொண்டு சுருண்டு விழுந்தான். கரியின் மார்பில் குமிழ் நின்றுவிட்டது. டாக்டரம்மா ஒற்றைக் கையால் மார்பை அமுக்கினார். அவள் நாயின் வாயை இரண்டு கையாலும் பொத்தி, மூக்கில் வாய் வைத்து ஊதினாள். உப்பும் இரும்புமாக ருசித்தது. டாக்டரம்மா "போதும்" என்ற பிறகும் ஊதினாள். தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினாள்.

பக்கத்து வெல்டிங் பட்டறை ஆட்கள் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். போலீஸ்காரர் ஒருவர் கூடவே ஏறிக்கொண்டார். மருந்தோடு திரும்பிய கம்பவுண்டர் வாசலிலேயே நின்று, "அரை மணி நேரம்தானே மேடம் போனேன்" என்றார். பிறகு அழுதுகொண்டே டாக்டரம்மாவின் விரல்களுக்குக் கட்டுப் போட்டார்.

தங்கை கரியின் உடலைப் போர்வையில் சுற்றினாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்லவேளை தங்கச்சி, அந்தத் தட்டு கை தவறி விழுந்துச்சு" என்றாள் அவளிடம். "இல்லேன்னா நாம மூணு பேரும் இருக்க மாட்டோம்."

அவள் பேசாமல் நின்றாள். பிறந்ததிலிருந்து பேசாமல்தான் இருக்கிறாள். இன்றைக்குத்தான் அது பொய் சொல்வது போல இருந்தது.

தங்கை போனதும் டாக்டரம்மா ரத்தம் தோய்ந்த ஒரு பஞ்சுருண்டையை மேசையிலிருந்து எடுத்தார். "இது அறுந்த காதுல இருந்தது. இன்னொண்ணு எங்க?"

அவள் கையை விரித்தாள். பஞ்சு வேர்வையில் நசுங்கியிருந்தது.

"கை தவறலே இல்ல?"

"இல்ல."

உதடு வீங்கியிருந்ததால் டாக்டரம்மாவுக்குப் பேச வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "நீ இல்லேன்னா என் மூஞ்சி இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா அது நம்மை நம்பி இங்க படுத்திருந்துது."

"தெரியும் டாக்டர்." இந்த முறை குரல் வந்தது.

மதியம் வேலை டீச்சர் வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். அவள் கன்னத்தைப் பார்த்தார், டாக்டரம்மாவின் கட்டைப் பார்த்தார். வந்த காரியத்தைக் கேட்பதா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார். "பொண்ணு... ஆகுமா டாக்டர்?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள், கால் ஒடிந்த குட்டி நாயைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். கம்பவுண்டர் அதை வாங்கி மேசையில் வைத்தார். அவள் பழக்கத்தில் தலைப் பக்கம் போனாள்.

"அங்க வேணாம்" என்றார் டாக்டரம்மா. "தலையைக் கம்பவுண்டர் பிடிக்கட்டும். நீ வால் பக்கம் நில்லு."

வேலை டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ ஆகாதா?"

"லீவுல அனுப்புங்க" என்றார் டாக்டரம்மா. "தலைப் பக்கத்தை அப்புறம் பாக்கலாம்."

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். குட்டி நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே கிடந்த தட்டை எடுத்துக் கழுவித் துடைத்தாள். துண்டை மடித்து விரித்து, அதன் மேல் ஓசையில்லாமல் வைத்தாள். பிறகு வால் பக்கம் போய் நின்றாள்.