சிலேய்க்குச் சொல்லாத சேதி

அமெரிக்காவின் கொலம்பஸில் எங்கள் மொரிட்டானியா ஆட்களின் ஜாமீன் நிதிக்குக் கையெழுத்துப் போடுகிறவள் நான், பெந்தா ஜாலோ. குடியுரிமை உள்ளவர்தான் பணம் கட்ட முடியும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கை நீட்டுவேன். கிடங்கில் பெட்டி தூக்குகிறவன் தருவான், லாரி ஓட்டுகிறவன் தருவான். வீடு வாங்கியவன் மட்டும் செருப்பைத் தேடுவான்.

சிலேய் பா குடியேற்றப் போலீசிடம் பிடிபட்டு பத்து மாதம் ஆகியிருந்தது. அவன் போனபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள் கும்பா இப்போது ஓடுகிறாள். அவனைத் திருப்பி அனுப்பினால் மொரிட்டானியாவில் போலீஸ் காத்திருக்கும். முதல் முறை அவர்களிடம் சிக்கி, இடது காது கேட்காமல் போய்த்தான் ஓடிவந்தான்.

முதல் விசாரணைக்கு முன்னால் அவன் மனைவி ஜெய்னபா ஊருக்கெல்லாம் சொல்லி துவா கேட்டாள். ஜாமீன் மறுத்துவிட்டார்கள். ஊர் நாக்குதான் பட்டுவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். எங்கள் ஆட்களில் பயணம் போகிறவன்கூட போய்ச் சேர்ந்த பிறகுதான் சொல்வான். இரண்டாம் முறை நீதிபதி பன்னிரண்டாயிரம் டாலர் என்றார். சனிக்கிழமை நிதிக்காரர்கள் கூடி, முழுத் தொகையையும் செவ்வாய்க்கிழமை கட்டுவதென்று முடிவு செய்தோம்.

"அக்கா, அவருக்குச் சொல்லிராதீங்க," என்றாள் ஜெய்னபா.

"பைத்தியமா உனக்கு? உள்ள கெடக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான்டி சோறு."

"அங்க போன் பக்கத்துல நம்ம ஆளுங்க நாலு பேரு நிக்கிறாங்க. இவரு சிரிச்சா போதும், தெரிஞ்சுரும். வெளிய வந்து காத்து பட்டதும் நானே சொல்றேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும்தானே?"

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அது எனக்கும் தெரியும். புருஷன் அவளுடையவன். சரி என்றேன்.

ஜெய்னபாவுக்குச் சடை பின்னுவதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்குப் பின்னிக்கொண்டிருந்தபோது சிலேயிடமிருந்து போன் வந்தது; ஸ்பீக்கரில் போட்டாள். ஜாலோ வீட்டாருக்கும் பா வீட்டாருக்கும் கேலி முறை. வசவுதான் வணக்கம்.

"ஜாலோக்காரி அங்கதான் இருக்காளா? நான் இல்லாத நேரத்துல என் மாட்டை ஓட்டிட்டுப் போயிருப்பாளே!"

"உன் மாடு உன்னை மாதிரியே எலும்பும் தோலும். திருடுறதுக்கும் ஒரு தரம் வேணாமா?" என்றேன். சிரித்தான்.

பிறகு குரலை இறக்கி, "ஜெய்னபா, ஏதாவது வழி தெரியுதா?" என்று கேட்டான்.

என் சடையில் அவள் விரல்கள் நின்றன. "இன்னும் இல்லங்க. துவா செய்யுங்க."

"நாளைக்கு மறுபடியும் கோர்ட்டு. நீ கடன்கிடன் வாங்கிராத, புள்ள. உன் விரல் தேய்ஞ்சு நான் வெளிய வர வேணாம்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்," என்றாள் அவள். அதற்குள் போன் துண்டிக்கப்பட்டது. கடன் வேண்டாம் என்று அவன் சொன்னதை வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் ஆண்கள் அதிகம் பேசாதவர்கள். அவர்கள் ஒரு வரி சொன்னால் அதற்குப் பின்னால் பத்து இரவு யோசனை இருக்கும் என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை ஜெய்னபா விடிவதற்குள் எழுந்து தினைச்சோறும் கீரைக்குழம்பும் செய்து, சூடு ஆறாமல் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கும்பாவுக்குப் புதுச் சட்டை. குடியேற்ற அலுவலகத்தில் நான் காசோலையை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கணினியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இது வாங்க முடியாதும்மா. ஊருக்குத் திரும்பிப் போறேன்னு நேத்து நீதிபதிகிட்ட அவரே ஒத்துக்கிட்டாரு. கையெழுத்தும் போட்டாச்சு."

ஜெய்னபா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. எங்கள் மொழியான புலாரில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவள் அழவில்லை. மடியில் இருந்த பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடா இருக்கே, அக்கா," என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அரசாங்கத்தின் மேல், ஊர் நாக்கின் மேல், வாயைப் பொத்திக்கொண்டிருந்த எங்கள் மேல்.

சிலேயின் வக்கீல் அம்மாள் போனில் கத்தினாள். "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" அந்தக் கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டாள். அது நீதிபதியின் மேசைக்குப் போவதற்குள் அவனை லூசியானாவுக்கு மாற்றிவிட்டார்கள். விமானம் ஏற்றுகிற இடம் அது.

அங்கிருந்து ஒரு முறைதான் பேசவிட்டார்கள்.

"ஜாலோக்காரி, சந்தோஷம்தானே? இனி என் மாடெல்லாம் உனக்குத்தான்," என்றான். நான் போனை ஜெய்னபாவின் பக்கம் நகர்த்தினேன்.

"ஜெய்னபா, திட்டாத. பன்னிரண்டாயிரத்துக்கு நீ எந்தக் கதவைத் தட்டுவ? எனக்காக நீயும் புள்ளையும் ஆயுசு பூரா கடன் அடைக்கிறதா? அதான் கையெழுத்தைப் போட்டுட்டேன்." பிறகு கேட்டான்: "யாராச்சும் தரேன்னு சொன்னாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். ஜெய்னபா என் வாயைத் தன் கையால் பொத்தினாள். குரல் நடுங்கவில்லை.

"இல்லங்க. யாரும் சொல்லல."

"நினைச்சேன்." அவன் குரலில் எத்தனை நிம்மதி! "அப்ப நான் செஞ்சது சரிதான்."

"சரிதாங்க," என்றாள்.