மாலக்கி கடக்காத ஆறு

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் கழுத்துப்பட்டையை டெர்வ்லா நேராக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு டோனக் அந்தக் கதையை மறுபடியும் ஆரம்பித்தார். ராத்திரி முழுக்கச் சவத்தோடு விழித்திருந்தவர்களுக்கு அது மனப்பாடமே ஆகியிருந்தது. ஆனாலும் தேநீர்க் கோப்பையோடு எல்லோரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். சாவு வீட்டில் நல்ல கதைக்கு யார்தான் வேண்டாம் என்பார்கள்.

"வெள்ளம்னா அப்படி ஒரு வெள்ளம். குதிர நடு ஆத்துல மணல்திட்டுல மாட்டிக்கிச்சு. இந்த மனுசன் கயித்தப் பல்லுல கடிச்சுக்கிட்டு குதிச்சாரு பாரு!"

"நீ பாத்தியா?" என்றாள் ஒரு கிழவி.

"நான் பாக்கல. டெர்வ்லா புஸ்தகத்துல படிச்சேன். ஆனா நானே நேர்ல கேட்டேன். 'மாலக்கி, அது நீதானே'ன்னேன். ஒரு வாய் டீய முழுங்கிட்டு, 'ஆமா'ன்னாரு. அவரு வாயில பொய் வருமா?"

டெர்வ்லாவின் கை கழுத்துப்பட்டையிலேயே நின்றுவிட்டது.

வராதுதான். மாடு விற்கப் போனால், வாங்குபவன் கேட்பதற்கு முன்பே எந்தக் கால் நொண்டி என்று சொல்லிவிடும் ஆள். அப்படிப்பட்டவர் ஆமா என்றிருக்கிறார். குதிரையோடு ஒருவன் நீந்தியது டப்ளினில் ஒரு வாடகை அறையின் மேசைமேல்தான். அவள் ஐந்து பாகமாக எழுதிய குடும்பக் கதையில், முதல் பாகத்தில். இந்தத் தொடருக்குத் தூண்டுதல் எது என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதெல்லாம், "அப்பா சொன்ன கதைகள்" என்று கூசாமல் சொல்லியிருக்கிறாள். அப்பா கதை சொல்லி அவள் கேட்டதே இல்லை.

நடந்தது வேறு. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. குதிரை மாட்டிக்கொண்டது நிஜம். அப்பா கயிற்றைப் பிடித்தபடி கரையிலேயே நின்றார். சின்ன வயதில் அண்ணனை அந்த ஆறு இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர். பொழுது சாயும்வரை நின்றார். குதிரையை வெள்ளம் கொண்டுபோனபிறகு கல்சுவரில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையை அவளால் தாங்க முடியவில்லை. அதனால்தான் பேனாவைப் பிடித்தபோது முதல் ஆளாக ஒருவனை ஆற்றில் இறக்கினாள். மற்ற நான்கு பாகமும் அவன் பின்னாலேயே வந்தவை.

"அதனால நான் ஒண்ணு சொல்றேன்" என்று டோனக் எழுந்தார். "கல்லறைத் தோட்டம் அக்கரையில இருக்கு. தண்ணி இப்ப முழங்கால்தான். ரோட்டுல வேண்டாம். பெட்டியத் தோள்ல வெச்சு ஆத்துலயே எறங்கிக் கடப்போம். அந்த மனுசனுக்கு அதுதான் மரியாத."

அறையே ஆமோதித்தது. தம்பி ஃபெர்கலின் கண் கலங்கிவிட்டது. குதிரை போன பிறகு பிறந்தவன் அவன். "அக்கா, உன் புஸ்தகத்துல வர்ற மாதிரியே" என்றான்.

உள்ளதைச் சொன்னால், அப்பா சொன்ன ஆமா பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால், வாழ்நாளெல்லாம் பயந்த தண்ணீருக்குள் அவரைக் கடைசியாக இறக்குவார்கள். டெர்வ்லா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவரு ஏம்மா ஆமான்னு சொன்னாரு?"

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "இல்லன்னா நீ பொய் சொன்னவளா ஆயிடுவியே. பேப்பர்ல வேற சொல்லிட்ட, அப்பா சொன்ன கதைன்னு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"என்னத்தக் கேக்குறது? ஒவ்வொரு வாட்டியும் ஆமான்னு சொல்லிட்டு வந்து, சனிக்கெழம கோயிலுக்குப் போயி ஃபாதர்கிட்ட பொய் சொன்னேன்னு பாவசங்கீர்த்தனம் பண்ணுவாரு. கடைசில ஃபாதரே அலுத்துப்போயி, 'போதும் மாலக்கி, பேசாம நீச்சல் கத்துக்க'ன்னாராம்." அம்மா சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் அத்தனை சனிக்கிழமையும் வீண். டெர்வ்லா முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். பெட்டி தூக்க வந்திருந்த அப்பாவின் பேரர்கள் செருப்பைக் கழற்றி, கால்சட்டையை மடித்துவிட ஆரம்பித்திருந்தார்கள்.

"சாவு ஊர்வலம் குறுக்கு வழியில போறது எப்பத்துலேர்ந்து நம்ம ஊர்ல வழக்கமாச்சு, டோனக் மாமா?"

டோனக் திகைத்தார். "அதுக்கில்ல பொண்ணே, ஒரு மரியாதைக்கு…"

"இருக்கறதுலயே நீளமான பாதையிலதானே கொண்டு போவோம்? பாலத்தச் சுத்தித்தான் போகணும்."

"நாலு மைல் ஆச்சே. மழை வேற வருது."

"எங்கப்பாவ அனுப்பி வெக்க அவ்வளவு அவசரமா உங்களுக்கு?"

மடித்த கால்சட்டைகள் இறங்கின. பெட்டியைத் தூக்கியதும், அது இருந்த நாற்காலிகளை வழக்கப்படி அம்மா காலால் தள்ளிக் கவிழ்த்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். டோனக் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மூன்றாம் மைலில் பாதை ஆற்றோரமாகத் திரும்பி, தண்ணீரின் இரைச்சல் பக்கத்தில் கேட்டது. பள்ளிக்கூடம் போகும் நாளில் இந்த வளைவு வந்ததும் அப்பா அவளை மலைப்பக்கம் மாற்றிவிட்டு, தான் ஆற்றுப்பக்கமாக வருவார். அவர் உள்ளங்கை வியர்த்திருக்கும்.

டெர்வ்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பெட்டியைச் சுற்றி ஆற்றுப்பக்கமாகப் போய், பலகைமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா?" என்றான் ஃபெர்கல்.

"ஒண்ணுமில்ல. நீ நட."