பெபிஷா எழுதிக்கொண்டுபோன பட்டியல்

குழித்துறை ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் பெபிஷா, வீட்டுக்கென்று பாகங்கள் வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டர் பூட்ட முடிவு செய்தாள். எந்தப் பாகம் எதனோடு சேரும் என்று இரண்டு மாதம் படித்துப் பட்டியல் எழுதினாள். அம்மாவோ, துணைக்கு அக்கா புருஷன் சிஜோவை அனுப்பிவிட்டாள். துபாயில் லாரி ஓட்டியவனுக்கு எல்லாம் தெரியுமாம்.

நாகர்கோவில் கடையில், பூசணிக்காய் வாங்குகிறவன் மாதிரி அவன் கேபினட்டைத் தட்டிப் பார்த்தான். நீல விளக்கு எரிகிறதுதான் வேண்டும் என்றான். கடைக்காரரும் அவனிடம் மட்டுமே பேசி, ஒரு மதர்போர்டையும் பிராசஸரையும் எடுத்து வைத்தார்.

"இது ரெண்டும் சேராது," என்றாள் பெபிஷா.

"நீ சும்மா இரி மக்கா. கம்பெனியில நான் பாக்காத கம்ப்யூட்டரா?"

"பாத்திருப்பிய அத்தான். லாரியில ஏத்தி எறக்கியிருப்பிய."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பிராசஸரைப் பொருத்திக் காட்டப் போனார். அது உட்காரவில்லை. திருப்பி வைத்தும் உட்காரவில்லை.

"அழுத்தாதீங்க, உள்ள இருக்க பின்னெல்லாம் வளஞ்சிரும்," என்று சொல்லிப் பட்டியலை மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்து, அதில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சிஜோ, "எல்லாம் நான் நோக்கி எடுத்தது," என்றான். பெபிஷாவோ, பாகங்களைப் பூட்டும்போது இந்த ஆளை அறைக்குள் விடக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.