வியாழக்கிழமைப் புள்ளிகள்

என் விரல்களில் தோல் உரிந்து, வெடித்து, நீர் கசிய ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்குக் கைதானே மூலதனம்! நாற்காலியில் உட்காருகிறவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் விரலையே பார்ப்பாள். இரண்டு பேர் அடுத்த தெருக் கடைக்கு மாறியே விட்டார்கள். கையுறை போட்டேன், ஷாம்பூவை மாற்றினேன், பாத்திரம் தேய்க்கிற சோப்பைக்கூட மாற்றினேன். கரப்பான் என்கிற இந்தத் தோல் நோய் அசைந்து கொடுக்கவில்லை.

"அரிப்பு எடுக்கிற அன்னிக்கெல்லாம் குறிச்சு வைங்க" என்றார் தோல் டாக்டர்.

நான் டைரி எழுதுகிற ஆளில்லை. யாருக்கு எத்தனை மணி என்று எழுதும் அப்பாயின்ட்மென்ட் நோட்டிலேயே சிவப்புப் புள்ளி வைத்தேன். அத்தனையும் வியாழக்கிழமையில் போய் விழுந்தன. வியாழன் கடைக்கு விடுமுறை. எனக்கா காரணம் தெரியாது? புதன்கிழமைதான் டை அடிக்கிற கூட்டம். இன்றைக்கு டையில் கை வைத்தால் நாளைக்குத்தான் வேலையைக் காட்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. டையை விட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

டாக்டர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.

"இந்தப் புதன்கிழமை அஞ்சு பேருக்கு டை அடிச்சிருக்கீங்க. மறுநாள் புள்ளியே இல்லையே?"

"அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் டாக்டர். அவ அப்பா வீட்டுக்குப் போகல."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

நானும் கணவரும் பிரிந்து ஒன்பது மாதம். வியாழன்தோறும் சாயங்காலம் அவர் வந்து மகளைக் கூட்டிப் போவார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு பையைக் கட்டி, "ஜாலியா இருந்துட்டு வாடி" என்பேன். அவர் முகத்தில் விழிக்கக் கூடாது என்று உள்ளேயே இருந்துவிடுவேன்.

"போன தடவை எடுத்த தோல் டெஸ்ட்லயும் டை மேல தப்பில்லன்னுதான் வந்திருக்கு" என்றார் டாக்டர். "களிம்பை விடாம தடவுங்க. மனசுக்குள்ளயே போட்டுப் புழுங்கினா சிலருக்குக் கரப்பான் கிளம்பும்."

கடை பிழைத்தது. ஆனாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. டை என்றால் கையுறை இருக்கிறது. இதற்கு எதை மாட்டிக்கொள்வது?

அடுத்த வியாழன் பையைக் கட்டும்போது பல்லைக் காட்ட முடியவில்லை.

"நீ போறது எனக்குக் கஷ்டமாத்தாண்டி இருக்கு. ஆனா நீ போகணும். போயிட்டு வா."

என் ஒன்பது வயது மகள் என் விரல்களையே பார்த்தாள்.

"தெரியும்மா. நான் போனாதான் உனக்குக் கை புண்ணாகுது. அதான் அன்னிக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னேன்." பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "ஆனா எனக்கு அப்பாவப் பாக்கணும்போல இருந்துச்சு."

வெளியே ஹாரன் கேட்டது. பையை நானே தூக்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, அவர் வண்டிவரை போனேன்.